ஒப்பித்த பாடம்

இல்லக்கா, நீங்க நகர வேண்டாம், தாராளமா உக்காருங்க. என் ஒருத்திக்கு இந்த இடம் போதும். பையை மடியில வச்சிக்கிடுதேன். நீங்க எங்க இறங்கணும், ராசபாளையமா? நாங்க அதுக்கும் தெக்க, சங்கரன்கோவில் பக்கம். அந்தா, டிரைவருக்குப் பின்னால சன்னல்ல தலையச் சாச்சித் தூங்குதான்லா, நீலச் சட்டை, அவன் என் சின்ன மவன். ஆவுடையப்பன்னு பேரு, இவுக அப்பாவோட அப்பா பேரு. இங்கன எம்பக்கத்துல இடம் கெடந்துச்சி, வந்து உக்காருலன்னேன். இல்லம்மா, முன்னால காத்து வரும்னு போயிட்டான். அதுவும் நல்லதுதான். அவன் பக்கத்துல இருந்தா நான் வாயத் தொறக்க முடியுமா?

டாக்டருக்குப் படிக்கச் சேக்கப் போயிட்டு வாரோம். ஆமாக்கா, எம்.பி.பி.எஸ்.தான். காலேஜ் வடக்க இருக்கு, மதுரையில எறங்கி இந்த பஸ் மாறுனோம். என் மூஞ்சியப் பாத்தா சந்தோசமா வார ஆளு மாதிரி இல்லயேன்னு பாக்கீங்க. பாக்கத்தான் செய்வீங்க. சீட்டு கெடச்சிச்சா கெடைக்கலயான்னு இப்பமே கேட்டுராதீங்க, நான் வரிசையாத்தான் சொல்லுவேன். நடுவுல விட்டா எனக்கு எல்லாம் மறந்துரும். மறக்கக் கூடாதுக்கா, அதான் இப்ப என் பயமே.

அவன் மேல ஒரு கேஸ் இருக்கு. ஐயய்யோ, அப்படிப் பாக்காதீங்க, அடிதடி திருட்டு இல்ல. பைக்ல போயி ஒரு ஆள இடிச்சிட்டான்னு கேஸ். கோர்ட்டுல ஒத்துக்கிட்டு, அபராதம் கட்டி, அன்னைக்கே முடிஞ்சி போச்சி. ஆனா இடிச்சது அவன் இல்ல. ஊர்ல ஒரு ஈ காக்காகிட்டகூட இத நான் சொன்னதில்ல. இவுக அப்பாவுக்கே தெரியாது. நல்ல மனுசன், தறி ஓட்டுறாக, ஆனா டீக்கடையில போயி உக்காந்தா வயித்துல உள்ளதெல்லாம் வெளிய வந்துரும். நீங்க ராசபாளையத்துல இறங்கிப் போயிருவீங்க. என் பேருகூட உங்களுக்குத் தெரியாது. அதான் சொல்லுதேன்.

எனக்கு ரெண்டு பயலுவ. மூத்தவன் கோமதிநாயகம். போலீஸ்ல இருக்கான். இருங்க, போன்ல போட்டோ இருக்கு, காட்டுதேன். பாத்தீங்களா, தொப்பி எடுப்பா இருக்குலா? அந்த வேலைக்கு அவன் பட்ட பாடு இருக்கே. விடியறதுக்கு முன்ன எந்திரிச்சி ஓடுவான், கயிறு ஏறுவான், கையெல்லாம் தோலு உரிஞ்சி வந்து நிப்பான். நான் மஞ்சப் பத்துப் போட்டு விடுவேன். எங்க ரெண்டு குடும்பத்துலயும் கவர்மெண்டு சம்பளம்னு ஒருத்தன் வாங்குனது இல்லக்கா. இவன் பரிச்சை பாஸாயிட்டான், ஓட்டத்துல பாஸாயிட்டான். ஊர்ல வந்து விசாரிச்சிட்டுப் போகணும், அது ஒண்ணுதான் பாக்கி. ஒரு கேஸ் கீஸ் இருக்கக் கூடாது. இருந்தா அம்புட்டும் தண்ணிதான்.

அந்தச் சமயத்துலதான் அது நடந்துச்சி. ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சி ஒரு வாரம் இருக்கும். பொழுது அடையிற நேரம், கரண்டு இல்ல. நான் வாசப்படிக்கு உள்ள சொளவ மடியில வச்சி பீடி சுத்திக்கிட்டு இருக்கேன். ஆவுடை எனக்கு எதுக்க உக்காந்து இலை வெட்டிக் குடுக்கான். இத நீங்க நல்லா மனசுல வச்சிக்கிடுங்க. எனக்கு எதுக்க, இந்தா நீங்க இருக்கிற தூரத்துல. அப்ப அவன் காலேஜ்ல சேந்து கொஞ்ச நாள்தான், பி.எஸ்சி. அவன் வாத்தியார் ஒருத்தரு எப்படி மூக்கச் சுளிச்சிப் பேசுவாருன்னு நடிச்சிக் காட்டுதான். நான் சிரிச்ச சிரிப்புல பொகையிலத் தூளெல்லாம் கீழ கொட்டிப் போச்சி. இலை வெட்டச் சொன்னா கூத்து கட்டுதியாலன்னு ஏசுனேன்.

அப்ப மூத்தவன் வந்தான். மூஞ்சில கட்டுன கர்ச்சீப்ப அவுக்கல. வண்டிய வெளிய நிறுத்தாம நேரா உள்ள ஏத்திட்டான். "எம்மா, ஒரு ஆள இடிச்சிட்டேம்மா." தறிக்கூடத்துக்கு டீ கொண்டு போற ஒரு மனுசன், கையில தூக்குச்சட்டி, ரோட்டக் கடக்கும்போது இவன் வேகமா வந்து தட்டிட்டான். அவரு விழுந்துட்டாரு, இவனும் சாஞ்சிட்டான். இவன் எந்திரிச்சிப் பாத்தா, அவரு ரோட்டுல கெடந்துக்கிட்டே கேட்டிருக்காரு, "தம்பி, உனக்கு ஒண்ணும் அடி படலயே?"ன்னு. அதுக்குள்ள ஆளுக ஓடி வந்துட்டாங்க. இவன் பயந்து வண்டிய எடுத்துட்டான். எவனோ நம்பரக் குறிச்சிட்டான்.

வேற எந்தத் தாயா இருந்தாலும் ஒப்பாரி வச்சிருப்பா. நான் வைக்கல. எனக்கு அப்படி ஒரு மண்டை, அது எங்க அப்பா குடுத்தது. ஆவுடையப் பாத்தேன். அவனுக்கு அப்பத்தான் பதினெட்டு முடிஞ்சி லைசன்ஸ் எடுத்திருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே உசரம். "ஆவுடை, நீ ஓட்டுனேன்னு சொல்லிரு"ன்னேன்.

அவன் கத்தரியக் கீழ வச்சான். "நான் இங்கனதானம்மா இருந்தேன்?"

"இருந்தே, இல்லன்னு யாரு சொன்னா? சொல்லத்தானல சொல்லுதேன்."

நான் என்ன கொலையா செய்யச் சொன்னேன்? படிக்கிற பிள்ளைக்கு ஒரு சின்னக் கேஸ் என்ன செய்யும்? மூத்தவனுக்குப் பொழைப்பே போயிரும். ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதானக்கா, ஒருத்தனுக்கு ஓட்டைன்னா இன்னொருத்தன வச்சி அடைக்க வேண்டியதுதான். நீங்களா இருந்தா வேற என்ன செஞ்சிருப்பீங்க, சொல்லுங்க.

சும்மா சொல்லுன்னா போதுமா? ஸ்டேஷன்ல துருவித் துருவிக் கேப்பாங்களே. ஒண்ணுகிடக்க ஒண்ணு உளறுனா ரெண்டு பயலுவளும் மாட்டிக்கிடுவானுவ. அதனால உக்கார வச்சி சொல்லிக் குடுத்தேன். சின்னப் பிள்ளையில திருக்குறள ஒப்பிக்க வைப்பேன்லா, அதே மாதிரி. எனக்கு எழுத்து அம்புட்டாத் தெரியாது, ஆனா புஸ்தகத்தக் கையில வச்சிக்கிட்டு அவன் மூஞ்சியப் பாத்தே எங்க தடுமாறுதான்னு கண்டுபிடிச்சிருவேன். மூத்தவன் நடந்தத ஒரு வாட்டி முழுசாச் சொன்னான். ஆவுடை அதத் திருப்பிச் சொன்னான். நான் பீடி சுத்திக்கிட்டே இன்ஸ்பெக்டர் மாதிரி கேள்வி கேட்டேன்.

"எந்தப் பக்கத்துலருந்து வந்தாரு?"

"வலது பக்கம்."

"இடதுல"ன்னு மூத்தவன் திருத்துனான்.

"இடது பக்கம். கையில தூக்குச்சட்டி. ஆரன் அடிச்சேன், கேக்கல. பிரேக் பிடிச்சேன், வழுக்கிருச்சி. டீ ரோட்டுல கொட்டி ஆவி பறந்துச்சி. அவரு கேட்டாரு, தம்பி உனக்கு ஒண்ணும்..."

"அது வேண்டாம், அத விட்டுரு"ன்னேன். எதுக்கு விடச் சொன்னேன்னா, அது வந்தா கேக்குறவங்களுக்கு அந்தாளு மேல பாவம் வந்துரும். ஆனா அவன் விடல. ஒவ்வொரு வாட்டியும் அந்த இடத்துல வந்து நிப்பான். அவனுக்கு அப்படி ஒரு ஞாபகம்க்கா, காதுல ஒருக்கா விழுந்தா ஆயுசுக்கும் அழியாது. அஞ்சாங்கிளாஸ்ல பாடப் புஸ்தகப் பாட்டு முழுசையும் ஒரே மூச்சில ஒப்பிச்சி கலெக்டர் கையால சோப்பு டப்பா பரிசு வாங்குனவன். மூத்தவன் அப்படி இல்ல. அவன் சாப்பிட்டுட்டு படுத்துட்டான். ஓட்டப் பயிற்சிக்குப் போகணும்லா.

மறுநா இவுக அப்பாவும் நானும் ஆவுடையக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அவுகளுக்கும் நான் அப்படித்தான் சொல்லி வச்சிருந்தேன், சின்னவன்தான் இடிச்சிட்டான்னு. அவுக வழியெல்லாம் அவன ஏசிக்கிட்டே வந்தாக. அங்க கேட்டதுக்கெல்லாம் கணீர்னு சொன்னான், ஒரு எடத்துலயும் தடுமாறல. பெறவு கோர்ட்டுல ஜட்ஜம்மா, "பாத்து வந்திருக்கக் கூடாதாப்பா?"ன்னு கேட்டாங்க. பொலபொலன்னு அழுதுட்டான். அழுறதுக்கு நான் சொல்லிக் குடுக்கலக்கா. அபராதம் கட்டுனோம், வந்துட்டோம். வரும்போது அவனுக்கு வாழப்பூ வடை வாங்கிக் குடுத்தேன். மூத்தவனுக்கு விசாரணை முடிஞ்சி வேலைக்கு ஆர்டர் வந்துச்சி. தெருவுக்கே சீனி மிட்டாய் குடுத்தேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதா இல்லயா?

முடிஞ்சிச்சின்னுதான் நான் நினைச்சேன்.

அந்த டீக்காரருக்குத் தவசிக்கண்ணுன்னு பேரு. கால்ல எலும்பு ஒடஞ்சி பெரியாஸ்பத்திரில போட்டிருந்தாங்க. சுகர் உள்ள ஆளு, புண்ணு ஆறல. பிள்ளகுட்டி இல்ல, பெஞ்சாதி மட்டும்தான். கோர்ட்டு முடிஞ்ச மறுநாள் ஆவுடை, "எம்மா, நான் போயி அவரப் பாத்துட்டு வாரேன்"ன்னான். எதுக்குல, சவத்த விடு, கேஸ் முடிஞ்சிருச்சின்னேன். கேக்கல. ஒரு தடவ போனான், ரெண்டு தடவ போனான், பெறவு காலேஜ் விட்டா நேரா அங்கதான். புண்ணத் தொடச்சி விடுறதும், பீத்தட்டு எடுக்குறதும், ஆரஞ்சி உரிச்சிக் குடுக்கிறதும். இங்க என் வீட்டுல தட்டக்கூட கழுவ மாட்டான். மொத நாள் அந்தாளு இவன ரொம்ப நேரம் பாத்தாராம். "நீ அன்னைக்கு இன்னும் கொஞ்சம் தாட்டியா, ஒடம்பா இருந்த மாதிரி இருந்துச்சே தம்பி"ன்னாராம். அவ்வளவுதான், பெறவு ஒண்ணும் கேக்கலயாம். வயசான ஆளு, இருட்டுல பாத்தது, அவருக்கு என்ன தெரியும்.

இப்ப யோசிக்கையில ஒண்ணொண்ணா வருதுக்கா. மொதல்ல "அண்ணன் இடிச்சாம்லா, அவரு"ன்னுதான் சொல்லுவான். பெறவு வெறும் "அந்த அண்ணாச்சி". கொஞ்ச நாள் கழிச்சி, "நான் இடிச்ச அண்ணாச்சி." ஊர் வாயில அப்படித்தான வருது, வெளிய பேசிப் பேசிப் பழகிட்டான்னு நானும் இருந்துட்டேன். டீ குடிக்கிறத விட்டுட்டான். அந்த வாடையே கொமட்டுதுன்னான். படிக்கிற பிள்ளைக்குப் பால்தான் நல்லதுன்னு நானும் பால் வாங்கிக் குடுத்தேன். சோறு தின்னுக்கிட்டு இருப்பான், தெருவுல எதாவது வண்டி கிரீச்சுன்னு நிக்கும். இவன் உருண்டையக் கையில பிடிச்சபடியே, "இல்ல அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல"ம்பான். யாருக்குல பதில் சொல்லுதன்னு கேட்டா, "கேட்டாருலா"ம்பான். பட்டப்பகல்ல, வீட்டுல நானும் அவனும்தான் இருக்கோம். ஒருவேளை காத்து கறுப்பு எதுவும் அண்டியிருக்குமோன்னு கோமதியம்மன் கோவில் புத்துமண்ண எடுத்தாந்து நெத்தியில பூசுனேன். பூசும்போது கோட்டிக்காரன் மாதிரி சிரிச்சிக்கிட்டு நின்னான்.

அந்தாளு மறு வருசம் தவறிட்டாரு. சுகர்லதான்க்கா. ஆஸ்பத்திரியிலயே அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. கால எடுத்தாங்க, பெறவு பொழைக்கல, சுகர்தான் காரணம். நான் துட்டி கேக்கப் போகல, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக? மத்தியானம் சோத்த வடிச்சிட்டு நிமிந்தா, வாசல்ல ஆவுடை நிக்கான். தலை மொட்டை. ஈரத்துண்டு.

பெத்த அப்பன் உசிரோட இருக்கும்போது எவனுக்கோ கொள்ளி வச்சி மொட்டை போட்டுட்டு வந்து நிக்கான். "ஏல ஆக்கங்கெட்டவனே, உங்கப்பன் இன்னும் தறியில நிக்காம்ல!"ன்னு வாரியல எடுத்துட்டேன். அவன் அடி வாங்கிக்கிட்டே பைய சொல்லுதான், "அவருக்குப் பிள்ளை இல்லம்மா. அதுக்கு நான்தான வைக்கணும், நான்தான காரணம்." அந்தாளு பெஞ்சாதி வேற இவன் தலையத் தடவி, நீ எனக்குப் பொறக்காத பிள்ளைன்னு சொன்னாளாம். பொறக்காத பிள்ளையாம். நான் பெத்த பிள்ளையக்கா!

அன்னைக்காவது நான் சொல்லியிருக்கணுமோ என்னமோ. மூத்தவன் அப்ப பயிற்சி முடிச்சி புதுசா ஸ்டேஷன்ல சேந்திருந்தான். எதுக்குக் கெளறணும்?

பெறவுதான் காலேஜ விட்டுட்டு, டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு உக்காந்தான். ஆஸ்பத்திரியிலயே கெடந்தாம்லா, அந்த ஆசை வந்துருச்சி. பாருங்க, நான் அன்னைக்கு அப்படி ஒரு முடிவு எடுக்கலன்னா இவனுக்கு இந்த ஆசை வந்திருக்குமா? ஒரே அடியில ஒருத்தன் போலீஸ், ஒருத்தன் டாக்டர். இத நான் யார்கிட்டயும் பெருமையாச் சொல்ல முடியலயேன்னுதான் இருந்துச்சி. நீட்டு பரிச்சை ஒரு வாட்டி எழுதுனான், வரல. மறுவாட்டி வந்துருச்சி. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைகளுக்குன்னு ஒதுக்குவாங்கள்லா, அதுல காலேஜும் கெடச்சிருச்சி. எங்க தெருவுல வெடி போட்டானுவ.

முந்தாநாள் சேரப் போனோம். அங்க ஒரு பாரம் குடுக்காங்க. பேரு, ஊரு, ரத்தம் என்ன வகை, இப்படி வரிசையா. அதுல ஒண்ணு, உன்மேல எதுவும் போலீஸ் கேஸ் இருந்துச்சான்னு. இவன் எனக்கு வாசிச்சிக் காட்டுனான். "இல்லன்னு போடு"ன்னேன். அவன் என்னைய ஒரு மாதிரி பாத்தான். பாத்துட்டு, ஆமான்னு போட்டு, எடம் பத்தாம பின்பக்கம் திருப்பி எழுதிக்கிட்டே இருக்கான். அங்க இருந்த கிளார்க்கு நல்ல பையன், "தம்பி, இத யாரும் எழுத மாட்டாங்க, உனக்கு எதுக்கு இந்த வம்பு? வேற பாரம் தாரேன்"னான். இவன், "இல்ல சார், நடந்தத எழுதணும்லா"ன்னான். அத வாங்கிக்கிட்டு உள்ள போனவன் திரும்பி வந்து, பெரிய டாக்டருங்க கூடி விசாரிச்சித்தான் சொல்லுவாங்க, நாளைக்கு வாங்கன்னுட்டான்.

எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல. ஒரு எழுத்து எழுதி ரெண்டு வருசப் படிப்பத் தொலைச்சிட்டு நிக்கானே. ஏசுனேன், கும்பிட்டேன், "ஏல, நீ எதுக்குல எழுதுன, நீயா செஞ்ச?"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சி. பக்கத்துல வேற பிள்ளைக தாய் தகப்பன் எல்லாம் இருந்தாங்க. முழுங்கிட்டேன்.

மறுநாள் அவன உள்ள கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரத்துல அம்மாவும் வரணும்னு என்னையும் கூப்பிட்டாங்க. நீள மேசை, ஏசி, நாலஞ்சி டாக்டருங்க. நடுவுல கண்ணாடி போட்ட ஒரு பெரிய மேடம். "உக்காருங்கம்மா. தம்பி, நீ சொல்லு, என்ன நடந்துச்சி?"ன்னாங்க.

அவன் சொன்னான். அன்னைக்கு வீட்டுல வச்சி ஒப்பிச்சதுக்குப் பெறவு அவன் முழுசாச் சொல்லி நான் இப்பத்தான் கேக்கேன். மொதல்ல எல்லாம் நான் சொல்லிக் குடுத்தபடிதான் வந்துச்சி. இடது பக்கம், ஆரன், பிரேக். எனக்கே தெரியாம தலையாட்டிக்கிட்டு இருக்கேன், எங்க தடுமாறுவானோன்னு. பெறவு பாத்தா, நான் சொல்லிக் குடுக்காததெல்லாம் வருதுக்கா. அவரு செருப்பு வாரு அந்துபோயி ஒரு செருப்பு மட்டும் சாக்கடைப் பக்கம் கெடந்துச்சாம். டீயில இஞ்சி வாடை அடிச்சிச்சாம். எந்திரிக்கும்போது அவரு இவன் கையப் பிடிச்சாராம், கை சூடா இருந்துச்சாம். மூத்தவன் இதெல்லாம் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்லா, நான் அங்கனதான இருந்தேன்!

பெறவு பேண்டத் தூக்கி மொழங்காலக் காட்டுனான். "அன்னைக்கு வண்டியோட சாஞ்சதுல பட்டது மேடம். தினமும் குளிக்கையில பாப்பேன்."

அக்கா, அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதா? மூணாங்கிளாஸ் படிக்கும்போது பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்துலருந்து விழுந்தான். நான்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன், நான்தான் தையல் போடும்போது கால அமுக்கிப் பிடிச்சிக்கிட்டேன். என் சேலையெல்லாம் ரத்தம். அத எடுத்து இங்க வச்சிக் காட்டுதான். பொய் சொல்லுற பிள்ளையோட மூஞ்சி எப்படி இருக்கும்னு தாய்க்குத் தெரியும். அந்த மூஞ்சி இல்ல அது. சத்தியமாச் சொல்லுதேன், அவன் பொய் சொல்லல.

அந்த மேடம் கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. பெறவு என் பக்கம் திரும்பி, "அம்மா, பையன் சொல்றதெல்லாம் உண்மைதானா?"ன்னு கேட்டாங்க.

ஒரு வார்த்தை. அந்நேரம் இவன் என் எதுக்க இலை வெட்டிக்கிட்டு இருந்தான் தாயேன்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனியில நிக்குது. ஆனா அதுக்கு அடுத்த கேள்வி என்ன வரும்? அப்ப யாரும்மா ஓட்டுனதுன்னு வரும்லா? மூத்தவன் தொப்பியப் போட்டுக்கிட்டு என் கண்ணு முன்னால வந்து நின்னுட்டான். போன மாசந்தான் அவனுக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்கோம்.

"ஆமாங்க"ன்னேன்.

சீட்டக் குடுத்துட்டாங்கக்கா. எந்திரிச்சி நின்னு அவன் தோளத் தட்டிக் குடுத்தாங்க. இப்படி மறைக்காமச் சொல்லுற பிள்ளைகதான் இந்தப் படிப்புக்கு வரணும், நல்ல பிள்ளையப் பெத்திருக்கீங்கன்னு என் கையப் பிடிச்சிச் சொன்னாங்க. நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. சந்தோசத்துல அப்படி இருக்கேன்னு நினைச்சி தண்ணி குடுத்தாங்க.

வெளிய வந்ததும் அவன் பணம் கட்டுற எடத்துல வரிசையில நின்னான். நான் ஒரு வேப்பமரத்தடிக்குப் போயி மூத்தவனுக்குப் போனப் போட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சி. "லேய் நாயகம், தம்பிக்கு சீட்டு கெடச்சிருச்சில"ன்னேன். துள்ளிக் குதிச்சான். பெறவு சொல்லுதான், "அன்னைக்கு தம்பி பாத்த வேலைக்கு எங்க கெடைக்காமப் போயிருமோன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சிம்மா."

தம்பி பாத்த வேலையா?

பக்கத்துல ஆளு இருக்கும், அதான் அப்படிப் பேசுதான்னு நினைச்சேன். "ஸ்டேஷன்ல இருக்கியாப்பா? கூட யாரும் நிக்காங்களா?"ன்னேன்.

"இல்லம்மா, ரூம்ல தனியாத்தான் இருக்கேன். ஏன்?"

அவன், "எம்மா, எம்மா"ன்னு கூப்பிட்டுப் பாத்துட்டு வச்சிட்டான். நடிக்கிற குரலா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவன் நடிக்கல. மூத்தவன் அதத் தூக்கி எறிஞ்சிட்டான்க்கா. தூக்கி எறிஞ்சதும் மறந்து போச்சி. சின்னவன் எடுத்து வச்சிக்கிட்டான். அப்ப அன்னைக்கு என்ன நடந்துச்சின்னு அறிஞ்ச ஆளு இந்த உலகத்துல நான் ஒருத்திதான். நானும் போயிட்டா? இப்ப நீங்க ஒருத்தி கேட்டிருக்கீங்க. அதுக்குத்தான் உங்களப் பிடிச்சி வச்சி இம்புட்டும் பேசுதேன்.

சீட்டப் பத்தி இனிமே பயம் இல்லலா, இவன்கிட்டயாவது சொல்லிருவோம்னு தோணுச்சி. ரசீத மடிச்சிப் பையில வச்சிக்கிட்டு வந்தான். உக்காருலன்னேன். அந்த மரத்தடியில வச்சி அவன்கிட்டச் சொன்னேன். "ஆவுடை, அம்மா சொல்லுறதக் கேளு. அன்னைக்கு நீ வண்டி ஓட்டல. நீ வீட்டுல எங்கூட இருந்த. இலை வெட்டிக்கிட்டு, உன் வாத்தியாரு மாதிரி நடிச்சிக் காட்டிக்கிட்டு இருந்த. நான் சிரிச்சேன், தூளு கொட்டிச்சி. ஞாபகம் இல்லயால? அண்ணன்தான் இடிச்சான். நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன். அந்தத் தழும்பு கொய்யா மரத்துல விழுந்தது." மூச்சு விடாமச் சொன்னேன்.

அவன் கோவப்படல. கோவப்பட்டிருந்தா நான் பொழச்சிருப்பேன். என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டான். அவ்வளவு பொறுமையா, சீக்காளிகிட்டப் பேசுற மாதிரி பேசுதான்.

"எம்மா, நீ ஏன் இப்படிச் சொல்லுதன்னு எனக்குத் தெரியும். நான் தப்பு செஞ்சவன்னு நினைக்க உன்னால தாங்க முடியல. ஆனா உள்ள அந்த மேடம் கேக்கும்போது ஆமான்னு உண்மையச் சொன்னேல்லா, அப்பத்தாம்மா எனக்கு நெஞ்சுல உள்ள பாரம் எறங்குச்சி. இனிமே எனக்காகப் பொய் சொல்லாதம்மா."

சொல்லிட்டுச் சிரிச்சான். இத்தன வருசத்துல அவன் மூஞ்சியில அப்படி ஒரு தெளிச்சிய நான் பாக்கலக்கா.

"சரிப்பா, இனிமே சொல்லல"ன்னு சொல்லிட்டேன்.